பேப்பரைப் பிடுங்கிய நர்ஸ்

சிதம்பரத்தில் பிரசவ வார்டு நர்ஸ் அந்த அம்மா. பெயர் தெரியாது. குட்டை உருவம், நரைத்த கொண்டை. வயிற்றைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.

என் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. குழந்தை தலை மேலாக, கால் கீழாக இருந்தது. சுகப்பிரசவம் பார்த்தால் தலை சிக்கலாம், ஆபரேஷன் என்றால் இப்போதே கையெழுத்து வேண்டும் என்றார் டாக்டர். மடையன் நான், குமராட்சியில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டேன். ராகுகாலம் முடியட்டும் என்றார். பேப்பரோடு நின்றேன். உள்ளே அவள் கத்திக்கொண்டிருந்தாள். அந்த நர்ஸ் அம்மா வெளியே வந்தார்.

“ஏம்பா, ராகுகாலம்னு புள்ளைகிட்ட சொல்லிட்டியா? அவளையாவது கேட்டியா?”

“அவளுக்கு என்னாம்மா தெரியும்?”

பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். ஆபரேஷனுக்கு அவளே கையெழுத்துப் போட்டாள்.

பிறகு அந்த அம்மாதான் குழந்தையை என் கையில் கொடுத்தார். ஏன் திட்டவில்லை என்று இன்றுவரை விளங்கவில்லை. திட்டியிருக்கலாம்.