மலை முழுக்கக் கேட்ட ஓடிபி

என் தங்கச்சி நர்சிங் முடித்தவள். நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கடிதம் மெயிலில் வந்திருப்பதாகவும், சாயங்காலத்துக்குள் மெயிலிலேயே சம்மதம் சொல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும் போனில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து அவள் பாஸ்வேர்டை மறந்தாள். தப்புத் தப்பாகப் போட்டு மெயிலைப் பூட்டியும் வைத்துவிட்டாள். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டினால் மெயில் திறக்குமா?

திறக்க வேண்டுமென்றால் என் நம்பருக்கு வரும் ஓடிபியை, அது காலாவதியாவதற்குள் போட வேண்டும். ரோட்டோரக் கம்ப்யூட்டர் கடையில் ஒயர் இன்டர்நெட் உண்டு, செல்போன் சிக்னல் கிடையாது. சிக்னலுக்கு எங்கள் மரவள்ளிக் காட்டுக்கு மேலே உள்ள பாறையில் ஏற வேண்டும்.

முதல் தடவை ஓடிபியோடு பாறையிலிருந்து, தங்கச்சி காத்திருந்த கடைக்கு ஓடினேன். வேட்டி கிழிந்ததுதான் மிச்சம். போய்ச் சேர்வதற்குள் அது செத்துவிட்டது. இரண்டாம் தடவை பாறையில் நின்றே கத்தினேன். காற்றோடு போயிற்று. கடைக்கு இறங்கிப் போனால், இன்னும் ஒரு தடவைதான் அனுப்புவார்களாம், அதுவும் தப்பினால் மறுநாள்தான் என்றார் கடைக்காரர்.

மறுபடி மேலே ஏறும்போது, காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள். "ஏனுங்க, பன்னி வந்தா இப்படித்தான் ஒத்தையாக் கத்துவீங்களா? பன்னியே சிரிக்குமுங்க."

கிழங்குக் காட்டுக் காவலில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. மேல்காட்டுக்காரர் ஒரு சொல் சொன்னால் கீழ்க்காட்டுக்காரர் அதைத் திருப்பிச் சொல்வார். திருப்பிச் சொல்லும்வரை அடுத்த சொல் கிடையாது. பன்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது இப்படித்தான் சரிவு முழுக்கத் தெரியும். இது எனக்கும் தெரியும். கோபத்தில் எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது.

தங்கச்சியைக் கடை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு நடுக்காட்டில் நின்றுகொண்டாள். கடைக்காரர் பட்டனைத் தட்டினார். பாறையில் என் போன் அடித்தது.

"நாலு!" என்றேன்.

"நாலு!" என்றாள் மனைவி. கீழேயிருந்து தங்கச்சியின் "நாலு!" வந்தது.

அடுத்து நான் இரண்டு எண்ணைச் சேர்த்துக் கத்தினேன். "அவசரப்படாதீங்க! ஒண்ணொண்ணாச் சொல்லுங்க!" என்று மனைவி அதட்டினாள். ஊரையே அதட்டுகிற நான் வாயை மூடிக்கொண்டேன்.

எதிர்ச் சரிவில் மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்த மாமா, "ஏ மாப்ள, பன்னி எந்தப் பக்கம்?" என்றார்.

"பன்னி இல்லீங்க மாமா, ஓடிபி!"

"அதும் கெழங்கு திங்குமா?"

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்த மெசேஜில் போட்டிருந்தது. அப்படி எழுதினவனை எங்கள் பாறையில் வந்து நிற்கச் சொல்லுங்கள்.

ஆறாவது எண்ணும் இறங்கியது. தங்கச்சி உள்ளே ஓடினாள். பிறகு, "தொறந்துருச்சு அண்ணி!"

நான் பாறையிலிருந்து இறங்கத் தொடங்கிவிட்டேன். மனைவி நகரவில்லை. "தொறந்தா ஆச்சா கண்ணு? பதில் போச்சா?" என்று விடாமல் கேட்டாள்.

"போச்சு அண்ணி! திங்கக்கெழமயே வரச் சொல்லீட்டாங்க!"

அதைக் கேட்ட பிறகுதான் அவள் தண்ணீர் குடித்தாள். படிப்பு தங்கச்சியுடையது, வேலையும் அவளுடையது. ஆனால் அன்றைக்கு அது கைவிட்டுப் போகாமல் பிடித்து நிறுத்தியது என் மனைவியின் தொண்டை. நான் யாரையும் புகழ்கிற ஆள் இல்லை. அவளைப் புகழ்கிறேன்.