மூலை இல்லாத அறை

அந்த அறைக்கு மூலை கிடையாது. கையில் பையோடு உள்ளே போய் நின்ற எனக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. புது இடத்துக்குப் போனால் நான் முதலில் தேடுவது ஒரு மூலையைத்தான்; பையை வைக்க, பிறகு அதன் பக்கத்தில் நானும் உட்கார்ந்துகொள்ள. அங்கே சுவர் தரையிலிருந்தே வளைந்து ஏறி, தலைக்கு மேலே போய், மறுபக்கம் இறங்கியது. கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்டு உறையைப் பெரிதாகச் செய்து படுக்கப்போட்டு, ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கம் வட்டமாக ஒரு கண்ணாடிக் கதவு வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு சின்ன மேசை. பாண்டிச்சேரி பார்க்க வருகிறவர்கள் இதில் தங்க ஆசைப்பட்டு வருகிறார்களாம். அக்கா நாலாபுறமும் பார்த்துவிட்டு, “ஏ சின்னவளே, உசுரோட உறைக்குள்ள எறக்கிட்டான்டி எம்மவன்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு குழாயைச் சுற்றி வந்து என் காதில் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. தா.பழூர் பக்கம் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் நாற்பது வருடம் இருந்தோம். அவள் பேசுவாள், நான் கேட்பேன். ரேஷன் கடையானாலும் பஞ்சாயத்து ஆபீஸானாலும் முன்னால் போகிறவள் அவள். அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவள் நான். அறுபத்தைந்து வயதுவரை அவள் கடலைப் பார்த்ததில்லை. சென்னையில் இருக்கும் மகனிடம் அதை ஒருமுறை சொல்லிவிட்டாள். அம்மாவுக்குக் கூட்டம் ஒத்துவராது என்று அவன் செல்போனிலேயே தேடி, ஊருக்கு வெளியே ஒரு முந்திரிக்காட்டுக்குள் இந்த இடத்தைப் பிடித்தான். நாங்கள் பஸ்ஸில் வந்துவிட வேண்டியது, அவன் சாயங்காலம் காரில் வந்து கடலுக்குக் கூட்டிப்போவது என்று ஏற்பாடு. ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்காடு மாதிரியேதான் இருந்தது. ஆனால் ஆள் அரவம் இல்லை. குழாய்கள்தான் மரத்துக்கு மரம் படுத்துக் கிடந்தன.

அக்காவுக்குச் சர்க்கரை. மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வாள். போட்டால் அரைமணிக்குள் சோறு உள்ளே போயாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ரொம்ப இறங்கி ஆள் மயங்கிவிடும். அது எனக்கும் தெரியும். வீட்டில் அவள் ஊசியைக் கையில் எடுக்கும்போதே நான் தட்டை வைத்துவிடுவேன். அன்று தட்டு வைப்பது என் கையில் இல்லை. அந்த இடத்து ஆபீஸில் இருந்த பெண், சாப்பாடு வெளியிலிருந்து வண்டியில் வருகிறது, பத்து நிமிஷத்தில் வந்துவிடும் பாட்டி என்றாள். அக்கா அதை நம்பி ஊசியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். “சோறு வந்தா எழுப்பு” என்றாள். பையில் இருந்த பிஸ்கட்டை விருத்தாசலம் தாண்டுவதற்குள் இரண்டு பேருமாகத் தின்று தீர்த்திருந்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், நடவுக்குப் போய்விட்டு வந்து மதியம் கண்ணயர்ந்திருந்த அக்காவை உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்க எழுப்பிவிட்டேன். “தூங்குறவள எழுப்புறதும் திங்கிறவ கையத் தட்டிவிடுறதும் ஒண்ணுடி. ஒங்க வூட்ல சொல்லிக் குடுக்கலியா?” என்றாள். மாமியார், கொழுந்தன் எல்லோரும் இருந்தார்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு நான் அவளை எழுப்பியதே இல்லை. அவள் படுத்தால் முற்றத்தில் கொக்கரிக்கிற கோழியைக்கூட ஓட்டிவிடுவேன். பிள்ளைகள் அழுதால் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவேன். அது எனக்குக் கை கால் போலப் பழகிவிட்டது.

அன்றும் அப்படித்தான் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவு வழியாக வெயில் ஒரு வட்டமாக வாசலில் விழுந்திருந்தது. சோறு வரவில்லை. வட்டம் மெல்ல உள்ளே நகர்ந்தது. போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்று கதவைத் திறந்து மூன்று எட்டு வைத்தேன். எதிரே இரண்டு மரத்துக்கு நடுவில் வலையைத் தூளி போலக் கட்டி, அரைக்கால் சட்டையும் வெறும் மேலுமாக ஒரு ஆள் படுத்திருந்தான். அவனைக் கடந்துதான் ஆபீஸுக்குப் போக வேண்டும். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். நான் முந்தானையை இழுத்துக்கொண்டு திரும்பி உள்ளே வந்துவிட்டேன்.

அக்காவுக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. சிமெண்டு அறை, வெக்கை என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி. துண்டை எடுத்து விசிறினேன். வேர்வை நிற்கவில்லை, ரவிக்கை நனைந்து, தலையணை நனைந்தது. கையைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. வேர்க்கிற உடம்பு எப்படிக் குளிரும் என்று மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். அவள் செல்போன் மேசையில் கிடந்தது. வந்தால் எடுக்கத் தெரியும் எனக்கு, போடத் தெரியாது. “அக்கா” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் விசிறினேன். வெயில் வட்டம் கட்டில் காலைத் தொட்டது. அப்போது அவள் கண் பாதி திறந்தது. என்னைப் பார்த்தாள், ஆனால் நான் யாரென்று அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. வாய் கோணி ஏதோ குழறினாள். பல் கட்டிக்கொண்டது.

கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை. அந்த உறைக்குள் என் சத்தம் சுவரெல்லாம் மோதித் திரும்பி என்மேலேயே விழுந்தது. வேறு யாரோ பொம்பளை அலறுகிறாள் என்று நானே பயந்து இன்னும் கத்தினேன். முதலில் ஓடி வந்தவன் அந்த அரைக்கால் சட்டைக்காரன்தான். நம் பக்கத்து ஆள் போலத் தமிழில்தான் பேசினான். “சுகரா? ஊசி போட்டாங்களா? சாப்பிட்டாங்களா?” என்று மூன்றே கேள்வி. முதல் இரண்டுக்கும் தலையை ஆட்டினேன், மூன்றாவதுக்கு இல்லையென்று கையை விரித்தேன். மேசையில் தண்ணீர் காய்ச்சும் கெட்டிலுக்குப் பக்கத்தில், விரல் நீளத்துக்குக் காகிதக் குச்சிகள் போலச் சில அடுக்கியிருந்தன. இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. குளிக்கிற சாமான் என்று நினைத்து நான் தொடவே இல்லை. அவன் நாலைந்தை எடுத்துப் பிய்த்து அக்காவின் கன்னத்துக்குள் கொட்டித் தேய்த்தான். தரையில் சிந்தியதைப் பார்த்தேன். சர்க்கரை. அவ்வளவு நேரமும் நான் சர்க்கரைக்கு ஒரு முழத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அக்காவுக்குக் கண் தெளிந்தது. அவன் என்னைப் பார்த்து, “நல்லவேளை, ஒடனே கத்துனீங்கம்மா” என்றான். அக்கா அதைக் கேட்டாள். நான் மறுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கடலைப் பார்க்காமலேயே ஊர் திரும்பினோம். அன்றிலிருந்து அக்கா அந்தக் கதையைச் சொல்லாத வீடு இல்லை. வாயே திறக்காத என் சின்னவ ஒரே கத்தா கத்தி எமனைத் துரத்தினாள் என்பாள். கல்யாண வீட்டில் சொல்வாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்வாள். அவள் தொடங்கினாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தே என்று யாராவது கேட்டுவிட்டால்? தண்ணீர் எடுக்கப்போகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். யாரும் கேட்கவில்லை. கேட்காததே வருடக்கணக்கில் பயமாக இருந்தது.

அக்கா போன ஐப்பசியில் போய்விட்டாள். அதற்கு முன் ஒரு வருடம், சிறுநீரகம் கெட்டு, ரத்தம் சுத்தம் செய்ய வாரத்துக்கு இரண்டு நாள் பெரம்பலூருக்குக் கூட்டிப்போவேன். கையில் குழாயைச் சொருகிவிட்டால் நாலு மணிநேரம் படுத்திருக்க வேண்டும். எல்லோரும் தூங்கிவிடுவார்கள். அக்கா தூங்கினால் மட்டும் நான் தோளைத் தட்டுவேன். கண் திறந்தால் விட்டுவிடுவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தட்டுவேன். நர்ஸம்மா ஒருநாள் என்னைச் சத்தம் போட்டார்கள், அவங்களைத் தூங்கத்தான் விடுங்களேன் என்று.

“எழுப்பட்டும் வுடுங்கம்மா” என்றாள் அக்கா. நர்ஸம்மா அந்தப் பக்கம் போனதும் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“அன்னிக்குத் துண்டால விசிறிக்கிட்டே இருந்தே. எனக்குத் தெரிஞ்சுது. எழுப்புடி, எழுப்புடின்னு உள்ளுக்குள்ள கெடந்து கத்துறேன். வாய் வரல.”

இத்தனை வருடம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறாள்.

“வெயில் வாசல்லேருந்து கட்டில் கால் வரைக்கும் வந்துடுச்சுக்கா” என்றேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

“பயந்தாங்குள்ளி” என்று மட்டும் சொன்னாள் அக்கா.

பக்கத்துக் கட்டில் அம்மாள் விழித்துக்கொண்டு, கூட வந்திருக்கிறது தங்கச்சியா என்று கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டு ஆரம்பித்தாள். பாண்டிச்சேரி, சிமெண்டு உறை, வாயே திறக்காத சின்னவ, ஒரே கத்து. ஒரு வார்த்தை மாற்றவில்லை. எழுந்து போகலாம் என்று பார்த்தேன். குழாய் சொருகாத கையால் அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அன்றுதான் முதல்முறையாக அந்தக் கதையை உட்கார்ந்து கடைசிவரை கேட்டேன்.