எழுதப்பட்டவருக்கே முதல் வாசிப்பு

"இரக்கத்தைப் பற்றிய கவிதை எந்த இடத்தில் பொய்யாகிறது?" என்று வத்சலா அம்மையாரிடம் ஒருமுறை கேட்டேன். "யாரைப் பத்தி எழுதினோமோ அவர் எதிர்ல படிக்கக் கூச்சமா இருக்கும் பாருங்க, அந்த இடத்துல" என்றார். வியாழக்கிழமை காலை எங்கள் கவிதைக் கூட்டத்து நண்பர் ரவி தொலைபேசியில் "சார், வத்சலா அம்மா போயிட்டாங்க" என்றபோது, முதலில் நினைவுக்கு வந்தது இந்தப் பதில்தான்.

அம்மையார் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர்; கவிஞர். மராத்தி பேசும் இந்த நகரத்தின் போபோடிப் பகுதியில் அவர் வீட்டில் ஞாயிறு மாலைகளில் சிலர் கூடி இக்காலக் கவிதைகளைப் படிப்போம். நாங்கள் எழுதியவற்றையும் படிப்போம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவரைப் பற்றி எழுதினால் முதலில் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் இந்தியிலோ மராத்தியிலோ சொல்ல வேண்டும்.

ஓர் உதாரணம். கோவையிலிருந்து வந்த மென்பொருள் பொறியாளர் ரவி, தம் குடியிருப்பின் காவலாளிக்குக் குளிர்காலக் காலைகளில் டீ கொண்டுபோய்க் கொடுப்பதைக் கவிதையாக்கினார். கடைசி வரியில் காவலாளியின் கண் கலங்கியது.

"அவர்கிட்ட சொன்னீங்களா?" என்றார் அம்மையார்.

"அவருக்கு எதுக்குங்கம்மா கவிதை?"

"கண்ணு அவரோடதாச்சே. கேட்டுட்டு வாங்க."

அடுத்த வாரம் ரவி அசடு வழியச் சிரித்துக்கொண்டே வந்தார். பால் சேர்த்த டீ காவலாளியின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதாம். "நாலு மாடி இறங்கி எடுத்துட்டு வர்றீங்க. வேண்டாம்னு எப்படி சொல்றது சாஹேப்?" என்றாராம்.

"இப்ப யாருக்கு யார் மேல இரக்கம்?" என்று கேட்டார் அம்மையார். ரவி மாற்றி எழுதினார். காவலாளி டீயைச் சிரமப்பட்டுக் குடிக்கிறார். எதிரே நிற்பவர் ஒன்றும் அறியாமல் மகிழ்கிறார். "கள்ளமில்லாத மனசுன்னா இதுதான். பரிகாசம் பண்ணாம எழுதியிருக்கீங்க" என்று அம்மையார் பாராட்டினார்.

பிறகு ஒவ்வொருவராக வேலை மாறிப் போனார்கள். ரவியும் தொலைவிலுள்ள ரஞ்சன்காவ் பக்கம் குடிபோனார். ஞாயிறுகளில் நாங்கள் இருவர் மட்டும். அம்மையார் படுக்கையில் விழுந்ததும் அவரைப் பற்றி எழுதி, வழக்கப்படி அவருக்கே படித்தேன். 'தனிமையில் கிடக்கிறார்' என்ற வரியில் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க சார். நான் எங்க தனியா கெடக்கேன்? பக்கத்து வீட்டு ஆயி மூணு வேளையும் வந்து சண்டை போடுறா. தனியா இருக்கறது நீங்க. அதை எழுதுங்க."

அன்று சிரித்து மழுப்பினேன். இப்போது எழுதுகிறேன். ஞாயிறு வருகிறது, போக வீடில்லை. இந்தக் கட்டுரையின் எந்த வரியில் நிறுத்தச் சொல்லியிருப்பார் என்று தெரியாமலே அச்சுக்கு அனுப்புகிறேன். போய் வாருங்கள், அம்மா.

உங்களுக்கு வேண்டிய ஒருவரைப் பற்றி நான்கு வரி எழுதி, இந்த வாரமே அவர் எதிரே உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.