போலந்து அத்தான்

எங்கள் சித்தப்பா தன் அக்காவை ஒரு போலந்துக்காரருக்குக் கட்டிக்கொடுத்தது, ஜேர்மனியில் புருசன் பிள்ளைகளோடு இருக்கும் அந்த மாமிக்கு இன்றுவரை தெரியாது.

எல்லாம் பந்தாட்டத்தால் வந்த வினை. மொன்றியலில் குடியேறிய எங்கள் ஆட்கள் கோடை வந்தால், விட்டுவந்த ஊருக்கு ஒரு அணி கட்டி மோதுவார்கள். அந்தந்த ஊர்க்காரர்தான் இறங்கலாம். ஊர் மருமகனுக்கும் அனுமதி உண்டு. எங்கள் அணி தோற்றுத் தோற்றுச் சித்தப்பாவால் ஒரு கல்யாண வீட்டிலும் தலைகாட்ட முடியவில்லை.

பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தைக் கூட்டித் துடைத்தவர்தான் அந்தப் போலந்துக்காரர். தன் நாட்டில் பெரிய அணிக்கு ஆடியவர். முழங்கால் போனது, பிறகு குடி வந்தது, மனைவி போனார். இப்போது குடியை விட்டிருந்தார். தொடாமல் இருக்கும் வரைக்கும்தான் மகளைச் சனிக்கிழமைகளில் அனுப்புவேன் என்று மனைவி சொல்லியிருந்தாராம். குடிக் கதையெல்லாம் அம்மா பின்னாளில் அறிந்து சொன்னது. அவருக்குப் பந்தடிக்கத் தெரியும் என்பது மட்டும்தான் அன்றைக்குச் சித்தப்பாவுக்குத் தெரியும்.

போட்டி நடத்தியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“உவர் ஆற்ற மருமகன்?”

“எங்கட அக்கான்ர மனுசன். ஜேர்மனியில கட்டினவை.”

“எங்களுக்குச் சொல்லேல்லையே?”

“சொல்லாமல் கட்டின கலியாணம். விடுங்கோ அண்ணை.”

மருமகன் ஓடவில்லை. நொண்டிக்கொண்டு ஓரிடத்தில் நின்றார். ஆனால் பந்து அவர் காலுக்கு வந்தால், வளர்த்த நாய் மாதிரி அங்கேயே கிடந்தது. இரண்டு கோல். நாங்கள் வாய் பிளந்து நின்றோம். அன்று சனிக்கிழமை, அவர் மகளும் வந்திருந்தாள். என்னைப் போலவே பத்து வயது. என் பக்கத்தில் நின்று துள்ளினாள்.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் வான் வண்டிக்குப் பின்னால் சித்தப்பா விஸ்கியைக் கடதாசிக் கோப்பையில் ஊற்றி நீட்டினார். அவர் “நோன், நோன்” என்று கையை ஆட்டினார். எங்கள் வழக்கத்தில் விருந்தாளி வேண்டாம் என்று சொல்வது மரியாதை. விடாமல் கொடுப்பது வீட்டுக்காரரின் மரியாதை.

“அத்தான் வெக்கப்படுறார். பிடியுங்கோ அத்தான்.”

திரும்பத் திரும்ப நீட்டினார்கள். கடைசியில் வாங்கினார். கொஞ்ச நேரம் கோப்பைக்குள்ளேயே பார்த்தார். ஒரே மடக்கு. பிறகு கோப்பையைத் தானாகவே நீட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்தது கோப்பையில்லை, சித்தப்பாவின் கையிலிருந்து போத்தலைப் பறித்து, மூச்சுவிடாமல் குடித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“அத்தான், மெல்ல,” என்றார் சித்தப்பா. அவர் குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை.

அந்தப் பெரிய மனிதர் போத்தலைக் கட்டிப்பிடித்தபடி புல்லில் சரிந்தார்.

திரும்பிப் பார்த்தேன். மகளின் கையில் பாதி கடித்த மட்டன் ரோல். முகம் சிவந்து, கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

பாவம், வெள்ளைக்காரப் பிள்ளை, மிளகாய் உறைப்புத் தாங்கவில்லை என்று நினைத்து, நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.