ரிக்கார்டில் அது பீடிதான்

போன மாதம் ஒரு நாள் எங்கள் பள்ளிக்கூடத்தில் திடீரென்று ஒரு வாசனை வந்தது.

வாசனை என்றால் எங்கள் ஹெச்.எம்.முக்கு முதலில் என் ஞாபகம்தான் வரும். நான் பிளஸ் டூ தொழிற்பிரிவில் மோட்டார் ரீவைண்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். சுற்று வட்டாரத்தில் எரிந்துபோன கிணற்று மோட்டார்களெல்லாம் என் ஷெட்டுக்குத்தான் வந்து சேரும். கருகின காயிலை உருவுவது, புதுக்கம்பி சுற்றுவது, வார்னிஷில் முக்கிக் காயவைப்பது... இதில் எதிலும் சந்தனம் மணக்காது.

"ஏம்மா, இன்னைக்கு என்னாத்தக் கொளுத்திப்போட்ட?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்தார் ஹெச்.எம்.

"காலையிலேர்ந்து கரண்டே இல்லைங்க சார். மோட்டார் எப்பிடி எரியும்?"

யோசித்தார். என் பக்கம் நியாயம் இருப்பது தெரிந்ததும் பியூனை ஷெட்டுக்குப் பின்னால் அனுப்பினார். பியூன் திரும்பி வந்தபோது ஒரு கையில் சின்னப் பொட்டலம். இன்னொரு கையில் — கணக்கு வாத்தியார் அருளப்பன்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். மோட்டார்கள் மட்டும் நிஜம்.)

அருளப்பன் சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கில் எங்கள் பள்ளி மானத்தோடு இருப்பது அவரால்தான். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். தொப்பூர் கணவாயில் அவர் வந்த பஸ்ஸில் லாரி மோதி இடுப்பெலும்பு போய்விட்டது. எலும்பு சேர்ந்தது, வலி சேர்ந்தே இருந்தது. "ஒரு இழுப்பு இழு, வலி ஓடிப்போயிடும்" என்று யாரோ புண்ணியவான் பழக்கிவிட்டிருக்கிறார். வலி ஓடவில்லை. பழக்கமும் ஓடவில்லை.

சரி, பொட்டலத்தில் இருப்பது என்ன? அதை முதலில் உறுதி செய்யவேண்டுமே! ஆசிரியர் ஓய்வறையில் எல்லாரையும் உட்காரவைத்து, பொட்டலத்தைப் பிரசாதம் மாதிரி சுற்றுக்கு விட்டார் ஹெச்.எம்.

ஒருவருக்கும் தெரியவில்லை. தாவரவியல் டீச்சர் "எங்க சிலபஸ்ல இல்லீங்க" என்றார். தமிழய்யா மோந்துகூடப் பார்க்காமல் பக்கத்தில் தள்ளிவிட்டார். தெரியும் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும் அல்லவா? அத்தனை படித்தவர்கள் ஒரே அறையில் ஒரே நேரத்தில் ஒன்றும் தெரியாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

கடைசியில் பி.டி. மாஸ்டர் கையில் வந்தது. விரலால் நிமிண்டினார். மோந்தார்.

"இது மலைச் சரக்குங்க சார். கீழ வெளையறதுக்கு இவ்வளவு நெடி வராது."

அறையே அவரைத் திரும்பிப் பார்த்தது.

"சொல்லக் கேள்விங்க..." என்று பொட்டலத்தை வேகமாகக் கைமாற்றினார்.

எனக்கு எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கிற புத்தி உண்டு. டிப்ளமோ படிப்பு கொடுத்த வியாதி. அன்றைக்கு அந்த அறையை வரிசைப்படுத்தினேன். சாராயம் குடித்துவிட்டு வந்து மதியம் மேஜையில் தலைவைத்துத் தூங்குபவர் ஒருவர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு உரக்கடைக்குப் போய்விடுபவர் ஒருவர். பையன் காதில் ரத்தம் வரும்படி அறைந்து, அவன் அப்பனிடமே நன்றி வாங்கியவர் ஒருவர். இவர்களில் யார் மேலும் நடவடிக்கை இல்லை. எல்லாரும் அருளப்பன் சாரைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம வேலைக்கு ஒரு மரியாதை வேணாங்களா?" என்றார் மதியத் தூக்கக்காரர்.

"சாராயம் மட்டும் பரவாயில்லீங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"அது வேற டீச்சர். சாராயம் கவர்மெண்டே ஏலம் வுடற சமாச்சாரம். குடிச்சா கஜானாவுக்குப் போவுது. கஞ்சாவுல யாருக்கு என்னா லாபம்?"

பொருளாதாரம் என் பாடமில்லை.

ஹெச்.எம். நல்லவர். அதுதான் சிக்கல். "டெல்லியில புதுசா சட்டம் போட்டிருக்காங்கப்பா. கஞ்சான்னு எழுதினா போலீஸ் வரும், உனக்கு வேலை போவும், ஸ்கூல் பேரு பேப்பர்ல வரும். புள்ளகுட்டிக்காரன் நீ. பீடி குடிச்சேன், மன்னிச்சிக்குங்கன்னு எழுதிக் குடு. தீர்த்தமலை சிவன் கோயிலுக்கு ஒரு நடை போய்ட்டு வா, மனசு தெளிவாயிடும்."

மாதா கோயில்காரர் தலையாட்டினார். பீடி என்று எழுதிக் கொடுத்தார். எல்லாரும் நிம்மதியாக டீ குடித்தோம்.

அடுத்த வாரமே ஹெச்.எம். சிபாரிசில் மாற்றல் உத்தரவு வந்தது. 'நிர்வாக நலன் கருதி.' எங்கே? பஸ் ஏறாத மலைமேல், புதிதாக உயர்நிலையாக்கிய பள்ளிக்கு. பி.டி. மாஸ்டர் மோந்து கண்டுபிடித்தாரே, அதே மலை!

அன்று சாயங்காலம் அருளப்பன் சாரின் மனைவி ஸ்டெல்லா என் வூட்டுக்கு — மன்னிக்கவும், வீட்டுக்கு — வந்தார்.

"டீச்சர், பாதிக்கு மேல கொறச்சுட்டாருங்க. இப்பல்லாம் வலி வந்தா வெந்நி ஒத்தடம்தான். அன்னிக்கு ஒருநாள் தாங்கமாட்டாம... மாட்டிக்கினாரு. அந்த மலைல ஓடை ஓரமா யாரோ பயிரே வெச்சிருக்கானுங்களாம். கைய நீட்டினா கெடைக்கிற எடத்துக்கு அனுப்பினா மனுசன் என்னாங்க ஆவாரு? நீங்க பெரிய சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

மறுநாள் மூவரும் ஹெச்.எம். முன்னால் நின்றோம்.

"எங்க வேணாலும் போடுங்க சார். அந்த மலை மட்டும் வேணாம்" என்றார் அருளப்பன் சார்.

ஹெச்.எம். முகத்தில் திருப்தி. "பாத்தியாம்மா? தண்டனைன்னா இப்பிடிப் பயப்படணும்!"

"சார், அது வெளையறதே அங்கதானுங்களே?" என்றேன்.

"எது?"

"கஞ்சாங்க சார்."

"கஞ்சாவா? அவரு குடிச்சது பீடியாச்சே! ரிக்கார்டுல அப்பிடித்தான இருக்குது?"

"வேற தண்டனை குடுக்கக்கூடாதுங்களா? ஒரு இன்க்ரிமெண்ட்டை நிறுத்துங்களேன்."

"இன்க்ரிமெண்ட்டை நிறுத்தணும்னா மெமோ குடுக்கணும், விசாரணை வெக்கணும், காரணம் எழுதணும். மாத்தறதுக்குக் காரணமே வேணாம்மா. இதான் அவருக்குப் பாதுகாப்பு."

இதற்குமேல் அருளப்பன் சார் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. என் பேனாவை வாங்கினார். அங்கேயே நின்றபடி எழுதினார். பீடி என்று எழுதியது பொய், குடித்தது கஞ்சா, விட்டுக்கொண்டிருக்கிறேன், மலைக்கு அனுப்பினால் விட முடியாது, எந்தத் தண்டனை என்றாலும் இங்கேயே கொடுங்கள். கீழே கையெழுத்து. வேலையே போகும் என்று தெரிந்து போட்ட கையெழுத்து.

ஹெச்.எம். இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"இத நான் வாங்க முடியாதுப்பா. வாங்கினா, முன்னாடி பீடின்னு ஏன் வாங்கினேன்னு என்னையக் கேப்பாங்க."

"அப்ப நான் உண்மைய எங்கதாங்க சார் குடுக்கறது?"

"வூட்ல வெச்சிக்க."

ஸ்டெல்லா அழவில்லை. கணவரிடமிருந்து காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு, "வாங்க, போலாம். வலிக்கு ஒத்தடம் குடுக்கத் தெரிஞ்சவளுக்கு வயித்துக்குக் கஞ்சி ஊத்தத் தெரியாதா?" என்றார்.

அருளப்பன் சார் மலையேறவில்லை. சம்பளமில்லாத விடுப்பில் போய்விட்டார். கடத்தூருக்குப் பக்கத்தில் அண்ணன் காட்டில் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். மடை மாற்றக் குனிந்தால் இடுப்பு உயிர் போகிறதாம்; ஆனாலும் கஞ்சா பக்கம் போகவில்லை என்றார் ஸ்டெல்லா. விடுப்பு முடிவதற்குள் உத்தரவை மாற்றாவிட்டால் வேலை போகும். யார் மாற்றுவார்கள்? என்ன காரணம் சொல்லி?

கணக்கு வகுப்பு சும்மா கிடக்கக்கூடாதே! அந்த மலைப் பள்ளியிலிருந்தே ஒருவரை இங்கே போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை சேர்ந்தார். தங்கமான மனிதர். யாரையும் அதட்டுவதில்லை. எதற்கும் சிரிப்பு. முதல் வகுப்பில் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து, மணி அடிக்கிறவரை அதையே ரசித்துக்கொண்டு நின்றாராம்.

ஹெச்.எம்.மிடம் போய்ச் சொன்னேன்.

"மலைக் காத்தும்மா" என்றார். "எறங்கின புதுசுல எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும்."