சாட்சி சொன்ன பிறகும் கேட்பது

எங்கள் சபையில், ஒரு காரியத்தைக் கர்த்தர் செய்துவிட்டார் என்று எழுந்து சாட்சி சொல்லிவிட்டால், அதற்காக மறுபடி யாரும் ஜெபம் கேட்பதில்லை. சட்டம் ஒன்றும் கிடையாது. கேட்டால் விசுவாசம் குறைந்துவிட்டதாக நினைப்பார்கள், அவ்வளவுதான். நான் என் மகனுக்காகச் சாட்சி சொல்லியிருந்தேன்.

அவனுக்கு வலிப்பு. டிப்ளமோ முடித்து, சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில், மெஷின் பக்கத்திலேயே விழுந்தான். வேலை போனது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைகளில் நான் காலையிலிருந்து சாப்பிடாமல் பாடம் நடத்திவிட்டு, பள்ளி விட்டதும் உபவாச ஜெபத்துக்குப் போனேன். கணக்கு டீச்சர் நான். சத்தம் போட்டு அழுது ஜெபிப்பது எனக்கு வராது. அதையும் பழகிக்கொண்டேன்.

மாதங்கள் ஓடின. வலிப்பு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்கை வாங்கி, கர்த்தர் என் பிள்ளையைச் சுகமாக்கினார் என்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவன் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் இன்டர்வியூவுக்காக மாநில எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி போனவன், திரும்பி வரும்போது ஜூஜுவாடி பஸ் ஸ்டாப்பில் விழுந்தான். ரோட்டுப் பக்கமாக. பின்னால் நின்ற யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததால் லாரிக்குத் தப்பினான். டீக்கடைக்காரர் அவன் போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டு, பாதி கன்னடமும் பாதி தமிழுமாக விஷயத்தைச் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உதட்டில் ரத்தம்.

"சர்ட்டிபிகேட்டெல்லாம் ஃபைல்ல இருக்குதா பாரும்மா" என்றான்.

இன்றைக்கும் லாரி ஹாரன் கேட்டால் அவன் எங்கே என்று தேடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "மாத்திரை போட்டியாடா?"

"நிறுத்திட்டேன்."

"யாரக் கேட்டு நிறுத்தின?"

"நீதான மைக்ல சொன்ன, சுகமாயிடுச்சுன்னு. அதுக்கப்புறமும் மாத்திரை போட்டா நீ சொன்னது பொய்யாயிடாதா?"

அவன் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே என் வார்த்தையைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறான்.

டாக்டர் திட்டினார். மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னார். இவனும் தலையாட்டினான். ஆனால் சபைக்காரர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால், மாத்திரை அட்டையைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவான். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் சபையில் எழுந்து உள்ளதைச் சொல்லாவிட்டால், இவன் என்றைக்காவது மறுபடி நிறுத்திவிடுவான்.

"சபையில சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

கையிலிருந்த போனைக் கீழே வைத்தான். "சொல்லு. ஆனா பாவம் பையன்னு அழுவாத. மாத்திரை சாப்பிடறான்னு சொல்லு."

அந்த வெள்ளிக்கிழமை நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் முழங்காலில் இருந்த அக்கா, "தம்பிய சுகமாக்கினீரே, ஸ்தோத்திரம்" என்று ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். அவர் கையைத் தொட்டேன்.

"அக்கா, நிறுத்துங்க. அவனுக்கு இன்னும் சரியாகல."

"ஏம்மா, சாட்சி சொன்ன வாயால இப்படிச் சொல்லலாமா? அவிசுவாசம் ஆயிடும்."

"ஆனா ஆகட்டும்க்கா. எம்புள்ள ரோட்ல விழுந்தான்."

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் ஸ்டாப்பையும் சொன்னேன், மாத்திரையையும் சொன்னேன். பாஸ்டரம்மா, "அவன் மாத்திரைய விடாம போடட்டும். நாம மறுபடி கேப்போம், வாங்க" என்று முழங்காலிட்டார்.

ஒருவர் தெலுங்கில் ஜெபித்தார், ஒருவர் கன்னடத்தில். என்னைக் கடிந்துகொண்ட அக்காவின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை. பசியில் தலை வலித்தது. 'வலிப்பு வரக் கூடாது ஆண்டவரே' என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஊக்கமாக ஜெபிக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். என்னிடம் ஊக்கம் என்று எதுவும் மிச்சமில்லை. எழுந்து போய்விடாமல் இருந்தேன்.

வீட்டில் அவன் எனக்காக ரசம் சூடு பண்ணி வைத்திருந்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். மறுபடி ஜெபம் பண்ணாங்க."

"ஆண்டவருக்குப் போரடிக்காது? ஒரே கேஸையே தூக்கிட்டுப் போறீங்க."

"எனக்கே அலுத்துப்போச்சுடா. வேற யாருகிட்ட போய் நிக்கிறது?"

அவன் சிரித்தான். அட்டையை எடுத்து, என் எதிரிலேயே மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தான். "அப்ப வேலைக்கும் சேத்துக் கேளு."

அவனாக ஒரு ஜெப விண்ணப்பம் தந்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகும் ஒரு முறை வலிப்பு வந்தது, வீட்டுக்குள்ளேயே. மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். வேலை இன்னும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.