எட்வர்டு வேஷம் யாருக்கு

ரோனா லெய்ட்லாவுக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவந்துவிடும். எங்கள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். அந்தப் பிப்ரவரி முழுக்க அவள் காது சிவந்தேதான் இருந்தது. நான் வில்மா, அவளுடைய ஆறாம் வகுப்பில் உதவியாள். பென்சில் சீவுவதிலிருந்து மூக்கைத் துடைத்துவிடுவது வரை எல்லாம் என் வேலை. கூடவே நின்று பார்த்தவள் சொல்கிறேன், அவள் கோபத்தில் நூற்றுக்கு நூறு நியாயம் இருந்தது. எனக்கே இன்னும் ஆறவில்லை.

ஸ்காட்லாந்து எல்லையோரம் எங்கள் ட்வீட் ஆற்றங்கரையில் ஆறாம் வகுப்பு என்றால், எழுநூறு வருடம் முன்பு இங்கிலாந்தோடு நடந்த சுதந்திரப் போர்கள்தான். அவர்கள் பிடித்துக் கொன்ற வாலஸ், எங்கள் ராஜா புரூஸ், அவர் ஜெயித்த பானக்பர்ன் சண்டை. பருவம் முடியும்போது நாடகம். புரூஸ் மேடைக்கு வந்தால் பெற்றோர் கைதட்டுவார்கள். இங்கிலாந்து ராஜா எட்வர்டு வந்தால் கூடமே அதிர ஊளையிடுவார்கள். பாதிப்பேர் அந்த ஊளைக்காகத்தான் வருவதே.

அந்த வருடம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலிருந்து டெய்ஸி என்ற பெண் வந்து சேர்ந்தாள். அவள் அம்மா ஜெம்மா எங்கள் மருத்துவமனையில் நர்ஸ். டெய்ஸி வாயைத் திறந்தாலே எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடும். பாடம் தொடங்கிய வாரமே இடைவேளை விளையாட்டில் அவளுக்கு நிரந்தரமாக ஒரு வேஷம் கிடைத்தது.

“நீதான் எட்வர்டு. ஓடு!”

“நேத்தும் நான்தானே ஓடினேன்?”

“வாலஸைத் துண்டு துண்டா வெட்டினது உங்க ஆளுங்கதானே? ஓடுடி!”

ஒருநாள் கழிப்பறையைப் பார்க்கப் போனேன். மூடிய கதவுக்குக் கீழே இரண்டு சின்ன ஷூ தெரிந்தது. தட்டினேன். டெய்ஸி உள்ளே உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். சாயங்காலம் வந்த ஜெம்மா சண்டை போடவில்லை. “இந்த டெர்ம் பார்க்கிறேன், மிஸ். இப்படியே போச்சுன்னா நாங்க எங்க ஊருக்கே திரும்பிடுறோம்” என்று மட்டும் சொன்னாள்.

இதற்கெல்லாம் மூலம் எது என்று ரோனாவுக்குத் தெரியும். தலைமை ஆசிரியை ஆலிசன் கில்கிரிஸ்ட் இணையத்தில் வாங்கிப் போட்ட பாடத்தொகுப்புதான். முகத்தில் நீலச்சாயம், இடுப்பில் கில்ட் பாவாடை, கையில் கோடாலி என்று ஸ்காட்லாந்து வீரர்கள். கண் சிவந்த எட்வர்டு. ‘நல்லவர்களுக்கு நீலம், கெட்டவர்களுக்குச் சிவப்புத் தீட்டுக’ என்று ஒரு வொர்க்‌ஷீட்.

“பானக்பர்ன்ல எவன்டி கில்ட் கட்டினான்?” என்று ரோனா மேசையில் ஓங்கி அடித்தாள். “நீலச்சாயம் வேறயாம்! சரித்திரமா இது, ஃபுட்பால் மேட்சா?”

வேறு எதுவும் கிடைக்காதா என்று தேடினாள், தேடினாள், அப்படித் தேடினாள். சனிக்கிழமைகளில் அவள் வீட்டுச் சமையலறையில் நானும் உட்கார்ந்தேன். பருப்பு சூப் ஆறிப்போகும், அவள் திட்டு மட்டும் ஆறாது. லண்டனில் அச்சான புத்தகத்தில் மொத்த ஸ்காட்லாந்துக்கும் அரைப் பக்கம், அதிலும் பாதியை, தோற்றுக் குகையில் கிடந்த புரூஸ் பார்த்த சிலந்தி பிடித்துக்கொண்டது. பழைய கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கான கடையில் வெறும் பிளாஸ்டிக் வாள். பல்கலைக்கழகத்துக்காரர்கள் எழுதியது பேராசிரியர்களுக்கு மட்டும்.

“பத்து வயசுப் பிள்ளைக்குப் புரியற மாதிரி, பொய் சொல்லாம நாலு பக்கம் எழுத இந்த நாட்டுல ஒருத்தனுக்கும் வக்கில்லையா?”

“நீயே எழுதேன்” என்றேன். சும்மா வாயை அடைக்கத்தான் சொன்னேன். எழுதியேவிட்டாள்.

அட்டை அட்டையாக எழுதினாள். ஒன்றிலும் ராஜா இல்லை. எதிரிப் படைக்கு ஒரு பிடி தானியம் கிடைக்கக் கூடாதென்று தன் களஞ்சியத்துக்குத் தானே தீ வைக்கும், எல்லைக்கு எங்கள் பக்கத்து விவசாயி. பானக்பர்னில் புரூஸ் ஜெயித்து நாலு வருடம் கழித்து ஸ்காட்லாந்துப் படை எல்லை தாண்டி யார்க்‌ஷயருக்குப் போய் எரித்த நேர்ஸ்பரோ ஊரில், மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடும் ஒரு குடும்பம். யாருக்கு எந்த அட்டை என்று பிள்ளைகள் சீட்டு எடுத்தார்கள். நேர்ஸ்பரோ குடும்பம் டெய்ஸிக்கும், கறிக்கடை எலியட் மகன் ஃபின்லேவுக்கும் சேர்ந்து விழுந்தது. நேர்ஸ்பரோ டெய்ஸியின் பாட்டி ஊர்.

ஃபின்லே அட்டையை இரண்டு தரம் படித்தான். “மிஸ், நம்ம ஆளுங்களா எரிச்சாங்க?”

“ஆமா.”

“அவங்க ராஜா வந்து தடுக்கலையா?”

“பானக்பர்ன்ல தோத்து ஓடிப்போன அதே எட்வர்டுதானே. இவங்களைக் காப்பாத்த வரவே இல்லை.”

“சீ, என்ன ராஜா!” என்றாள் டெய்ஸி. அன்றைய இடைவேளையில் எல்லாரும் மாடு ஓட்டி விளையாடினார்கள். ஃபின்லேதான் மாடு.

இது நீடித்ததா? மறுநாளே ஃபின்லேயின் அப்பன் கிரெய்க் எலியட், கடை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான்.

“நம்ம ஆளுங்க கொள்ளைக்காரங்கன்னு சொல்லிக் குடுத்தியாமே, ரோனா? என் பையன் சாப்பாட்டு மேசையில கேக்கறான், ‘அப்பா, நாம ஏன் எரிச்சோம்’னு!”

“நல்ல கேள்வி. நீ என்ன சொன்னே?”

“வாயை மூடிட்டுத் தின்னுடான்னேன்!”

“அப்ப பதில் தெரியலை உனக்கு.”

கிரெய்க் பெற்றோர் குழுத் தலைவன். ஆலிசனுக்கு முதுகெலும்பு என்று ஒன்று இருந்ததாக யாரும் பார்த்ததில்லை. அட்டைகளை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னாள். நாடகம் தொகுப்பில் உள்ளபடிதான் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“எட்வர்டா டெய்ஸியைப் போடுங்க. அவ பேச்சு பொருத்தமா இருக்கும்.”

ரோனாவின் காதைப் பார்த்தேன். கொவ்வைப்பழம். “முந்நூறு பேர் உக்காந்து ஒரு குழந்தையைப் பார்த்து ஊளையிடணும், அதுக்கு அவ பேச்சு பொருத்தமா?” என்றாள். ஆலிசன் கணினியைப் பார்த்துக்கொண்டு, “முடிவாயிடுச்சு, ரோனா” என்றாள். பாவி, முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

நாடக நாள் வந்தது. கூடம் நிரம்பி வழிந்தது. ஃபின்லே புரூஸ். முதல் காட்சியில் கைதட்டல் காதைப் பிளந்தது. அடுத்து எட்வர்டு வரவேண்டும். முரசு அடித்தது. முன்வரிசையில் கிரெய்க் மூச்சை இழுத்து வாயைத் திறந்து வைத்திருந்தான்.

திரையை விலக்கி வந்தது ரோனா. தலையில் அட்டைக் கிரீடம், தோளில் சிவப்புத் துணி. ஐம்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை.

ரோனா மேடை விளிம்புக்கு வந்தாள்.

“ஏன் கிரெய்க், தொண்டை அடைச்சுக்கிச்சா? பத்து வயசுப் பொண்ணுக்குன்னு வச்சிருந்த ஊளைதானே? அதை எனக்குப் போடு. நான் இந்த ஊர்ல பிறந்தவ, தாங்குவேன்.”

ஆலிசன் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கிரெய்க்கின் கழுத்து செங்கல் நிறமாயிற்று. வாய் மட்டும் மூடிக்கொண்டது. எனக்கு எழுந்து போய் அவன் பிடரியில் ஒன்று போடலாம் போலிருந்தது.

அப்போது மேடை ஓரத்தில், வசனமே இல்லாத கிராமத்துக் கூட்டத்திலிருந்து, மூட்டையைக் கீழே போட்டுவிட்டு டெய்ஸி முன்னால் வந்தாள். ஒரிஜினல் யார்க்‌ஷயர் பேச்சில், ஒளிக்காமல், உரக்கக் கத்தினாள்.

“எங்க ஊரு எரிஞ்சப்ப நீ எங்கய்யா போயிருந்தே? ஊஊஊ!”

ஃபின்லே வாளைத் தூக்கிப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்று ஊளையிட்டான். அப்புறம் முழு வகுப்பும். அட்டைக் கிரீடம் சரிய, ரோனா ராஜா மாதிரியே கால் மாற்றி நின்றுகொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். கடைசி வரிசையில் நர்ஸ் உடுப்போடு நின்றிருந்த ஜெம்மா நாற்காலி மேலேயே ஏறிக் கத்தினாள்.

“இன்னும் சத்தமா, டெய்ஸி! இன்னும் சத்தமா!”